மீசை வைத்த பூசணி

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நல்ல அகலமான மொட்டைமாடி உண்டு. ஆனால் அதில் ஒரு தொட்டி வைக்கவும் அனுமதி கிடையாது. வாடகைக்கு வந்த அன்றே வீட்டுக்கார அக்கா சொல்லிவிட்டார்.

"துணி காயப் போடு, வத்தல் போடு, காத்து வாங்கு. செடி மட்டும் வெக்காத. எதிர்வூட்டுல ரோஜாத் தொட்டி வெச்சாங்க. இப்ப மழ பேஞ்சா ஹால்ல பக்கெட் வெச்சுகினு கீறாங்க."

அக்கா குடும்பம் கீழே. மாடிப் போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களுக்குள் போகும் ஒயர்க் கட்டுகளைச் சோதித்து அனுப்புகிறேன். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். இருவருக்கும் ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே போனில் பேசிக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டி நாங்கள்.

எனக்கு எங்கே இருந்தாலும் ஒரு கறிவேப்பிலையாவது நட்டுவிட வேண்டும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆடி பிறந்ததும் கை அரித்தது. கீழே போய் அக்காவிடம் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காம்பவுண்டு ஓரம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் காட்டினார்.

"அங்க இன்னா வேணா போட்டுக்கோ. பாம்பு மட்டும் வராம பாத்துக்கோ."

இடம் என்று அக்கா சொன்னது, வீடு கட்டியபோது மிஞ்சியதையெல்லாம் கொட்டி வைத்த மூலை. என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்து ஒரு குத்துக் குத்தினார். டைல்ஸ் துண்டு வந்தது. இன்னொரு குத்து. சிமென்ட் கட்டி வந்தது.

"ஏளா, வீட்டுல பாதி இங்கதான் கெடக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அதைத் தோண்டிச் சுத்தம் செய்தோம். தெருமுனையில் இன்னமும் மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து மக்கிய சாணி எரு கொண்டுவந்து கொட்டினோம். வெண்டை, கத்தரி, கொத்தவரை விதையெல்லாம் உரக்கடையில் வாங்கினேன். பூசணி விதை மட்டும் அங்கே இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பூசணிக்காய் போட்ட புளிக்குழம்பு என்றால் உயிர். அது இல்லாமல் என்ன தோட்டம் என்று அக்காவிடம் போய் நின்றேன். அவர்கள் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இப்போது அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், குட்டியானை வண்டி ஒன்று வாங்கிக் கம்பெனிகளுக்கு லோடு அடிக்கிறார். ஆனாலும் விதை வைக்கும் பழக்கம் அக்காவுக்குப் போகவில்லை.

"அக்கா, பூசணி வெத இருந்தா கொஞ்சம் தாங்களேன்."

"பூசணியா? சோக்கான வெத கீது, தரேன்" என்று ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆவணியில் வெண்டை காய்க்கத் தொடங்கியது. முதல் பறிப்பில் ஒரு கைப்பிடிகூட இல்லை. ஆனாலும் அதை வதக்கித் தயிரில் போட்டு, கடுகு தாளித்துப் பச்சடி செய்தேன். ஷிஃப்ட் முடித்து வந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, "தயிருக்குள்ள என்னமோ பச்சையாத் தெரியுதே" என்றார். "தோட்டம்" என்றேன். அடுத்து கத்தரி வந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, பேக்கைப் படியில் வைத்துவிட்டு, செடியிலிருந்து நாலு பிஞ்சுக் கத்தரிக்காயைப் பறித்துக்கொண்டு மேலே ஓடி, காம்போடு கீறி எண்ணெயில் போட்டால், சோறு வேகிற நேரத்துக்குள் கறி முடிந்துவிடும். அப்படிப் பறித்த கத்தரிக்காய் வாணலியில் வெண்ணெயாய்க் குழைந்ததைப் பார்த்த பிறகு, கடைக் கத்தரிக்காய்மேல் எனக்கு இருந்த மரியாதை போயிற்று.

பூசணிக் கொடி மட்டும் எங்கள் யாரையும் மதிக்கவில்லை. நான் பந்தல் போடத் திட்டமிட்ட பக்கம் போகாமல், ஒரு நைலான் கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, எங்கள் பால்கனிக் கம்பியில் படுத்துக்கொண்டது. அங்கிருந்து வாசல் பக்கம் நகர்ந்தது. நாள் முழுக்க ஒயர்களைக் கேபிள் டை போட்டுக் கட்டுகிறவர்களுக்கு நடுவில் வேலை பார்ப்பவள் நான். கடையில் அந்த டை ஒரு பாக்கெட் வாங்கி, கொடியையும் தண்டு நெரியாமல் தளர்வாகக் கம்பியோடு கட்டிவைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "இதுக்கும் கரண்ட் கனெக்‌ஷன் குடுக்கப் போறியா?" என்று கேட்டார்.

பூ மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. எல்லாம் ஆண் பூ. வெகுநாள் கழித்துத்தான் அடியில் குட்டி உருண்டையோடு பெண் பூக்கள் வந்தன. தேனீயை நம்பி இருக்க முடியாது என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவுக்குள் தடவ வேண்டுமாம். பூ காலையில்தான் திறந்திருக்கும். அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். விடிந்து வீட்டுக்கு வருகிறவர் அவர்தான். ஆகவே பூவுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது.

தூக்கக் கண்ணோடு, கம்பெனி யூனிஃபார்மோடு, கையில் ஒரு பூவைப் பிடித்துக்கொண்டு அவர் பால்கனியில் குனிந்து குனிந்து நிற்பதை அக்கா கீழேயிருந்து பார்த்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் என்னை ஓரமாய் அழைத்தார்.

"உங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஏங்க்கா?"

"பூவப் பறிச்சு, பிச்சுப் போட்டு, இன்னோரு பூகிட்ட போய் என்னமோ பண்ணிகினு இருந்தாரு. வேல ஜாஸ்தியா? OT எல்லாம் கொறச்சுக்கச் சொல்லு."

நான் விளக்கிச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் மோட்டார் ரூமில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பூனைக்குட்டி எழுந்து பார்த்தது. மறுநாள் காலை அவர் வேலையைத் தொடங்கியபோது, "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாராம். கூச்சத்தில் அவர் ஒரு பூவைத் தவறவிட்டுவிட்டார்.

எப்படியோ மூன்று பிஞ்சு நின்றது. மூன்றும் உடம்பெல்லாம் முடியோடு இருந்தன.

"என்னங்க, பூசணிக்கு முடி இருக்குமா?"

"சின்னப் பிள்ளைலா, போகப்போக உதிந்துரும்."

உதிரவில்லை. காய் பச்சையாகவே பெருத்தது. பிறகு அதன்மேல் சாம்பல் பூத்தது. விரலால் தடவினால் மாவாய் ஒட்டியது. எனக்குச் சந்தேகம் முற்றி, ஒருநாள் பால்கனியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அக்கா, இது தடியங்காய்லா!"

"இன்னா காய்?"

"தடியங்காய். நான் கேட்டது பூசணி!"

"இதான் பூசணி."

"பூசணி மஞ்சளா இருக்கும்க்கா. உள்ள ஆரஞ்சு கலர்ல..."

"அது பரங்கிக்கா." அக்கா இடுப்பில் கையை வைத்தார். "பரங்கினு கேட்டா பரங்கி குட்த்திருப்பேன். டப்பால அதுவும் கீது. நீ பூசணினு கேட்ட, பூசணி குட்த்தேன். இதுல என் தப்பு இன்னா கீது?"

தப்பு யாருடையதும் இல்லைதான். எங்கள் ஊர்ப் பூசணி இங்கே பரங்கி. இந்த ஊர்ப் பூசணி எங்களுக்குத் தடியங்காய். நியாயம் தெரிந்துவிட்டது; ஆனால் புளிக்குழம்பு போயிற்று. சேதியை என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "இதுக்கா தூங்காம மகரந்தம் தடவுனேன்?" என்றார்.

தடியங்காயும் எனக்கு விரோதி இல்லை. மோர்க்குழம்பில் போட்டால் அதற்கு ஈடு கிடையாது. மனத்தைத் தேற்றிக்கொண்டு மோர்க்குழம்புக்குத் தயாரானேன். அதற்குள் மூன்றில் ஒன்றைப் பழ ஈ கொட்டிவிட்டது, அழுகி விழுந்தது. இன்னொன்று புரட்டாசி மழையில் தரையோடு கிடந்து வெடித்தது. மிஞ்சியது ஒன்று. அது வாசல் பக்கம் போன கிளையில், கேட்டுக்கு நேர் மேலே, பால்கனியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கனம் தாங்காமல் அறுந்துவிடக் கூடாது என்று வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு, கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தேன்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறேன். தூரத்திலிருந்தே வாசலில் யாரோ என்னைப் பார்த்து முறைப்பது தெரிந்தது. கிட்டே வந்தால் என் காய். அதற்குப் பெரிய பெரிய கண். வாயில் சிவப்பாய் நாக்கு. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. நெற்றியில் குங்குமம்.

அக்கா ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். கையில் பெயிண்ட் பிரஷ்.

"எப்டி கீது?"

"அக்கா, அது நான் சமைக்க வச்சிருந்தது!"

"எங்க தொங்குது பாரு. கேட்டுக்கு நேரா. நானே கட்டினாகூட இவ்ளோ நடுவுல கட்ட முடியாது. தானா வந்து நின்னிருக்குன்னா எதுக்கு? திருஷ்டிக்கு."

"நாங்க வேதக்காரங்கக்கா, சர்ச்சுக்குப் போறவங்க. எங்களுக்குத் திருஷ்டியெல்லாம் கெடையாது."

"உங்களுக்கு இல்லனா பரவால்ல. வூட்டுக்கு கீது இல்ல?"

செடி நான் நட்டது, இடம் அவர்களுடையது, விதையும் அவர்கள் கொடுத்தது. மகரந்தம் மட்டும் என் வீட்டுக்காரர் உபயம். அதை வைத்து எவ்வளவு பாத்தியதை கொண்டாட முடியும்?

அடுத்த நாட்களில் அந்த மீசைக்காரன் தெருவில் பெரிய ஆளாகிவிட்டான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்தார்கள். கொடியிலேயே உயிரோடு தொங்கும் திருஷ்டிப் பூசணியை யாரும் கண்டதில்லை. இன்னும் வளர்ந்துகொண்டே வேறு இருந்தது. வளர வளர மீசை அகலமாகி, கண்கள் விலகி, முறைப்பு போய் ஏதோ யோசிக்கிற மாதிரி முகம் மாறியது. என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போகும்போது அதற்கு, "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்.

ஆயுத பூஜைக்கு அண்ணனின் வண்டி முன்னால் அதை உடைப்பது என்று அக்கா முடிவு செய்தார். நான் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"பாதியாவது தாங்கக்கா. ஒரு மோர்க்கொழம்புக்குப் போதும்."

அக்காவுக்கு உண்மையாகவே பதறிவிட்டது. "இன்னாமா நீ! தெரு சனம் மொத்தத்தோட கண்ணும் அதுல கீது. அத்தத் துண்டு போட்டுத் தின்னா அம்புட்டும் வயித்துக்குள்ள போவாதா?"

"மோர்ல போட்டுக் கொதிக்க வச்சா எல்லாம் அடங்கிரும்க்கா."

"வெளயாடாத."

பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் எங்கள் லைனில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலைப் பொட்டலம் கொடுத்து, மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வந்தபோது அண்ணன் வண்டியைக் கழுவி முடித்து, சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதிகம் பேசமாட்டார். என் கையிலிருந்த பொரியைப் பார்த்து, "நான் லோடு எறக்குற கம்பெனில லட்டு" என்று மட்டும் சொன்னார். வண்டியைச் சாலையில் விட்டால் யாராவது உரசிவிடுவார்கள் என்று கேட்டுக்குள் பத்திரமாக, பால்கனிக்கு அடியில் நிறுத்தியிருந்தார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று கிளம்பியது. நான் மாடியில் துணிகளை வாரிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய காற்று வந்து பால்கனிக் கொடியை அப்படியே தூக்கிச் சுழற்றியது. மீசை ஒருமுறை வெளியே தெருவைப் பார்த்தது, திரும்பி உள்ளே வந்தது, வலைப்பை கிழிந்தது.

டமால் என்ற சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ராத்திரி ஷிஃப்டுக்காகத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்தார். அண்ணன் மட்டும் ஓடவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்திலேயே கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

வண்டியின் கேபின் மேல்தகடு கிண்ணம் போலக் குழிந்திருந்தது. குழியில், குழந்தையைப் படுக்கவைத்தது போல, காய் மல்லாந்து கிடந்தது. கீழ்ப்பக்கம் ஒரே ஒரு விரிசல். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது.

அக்காதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வண்டிக்கு வரவேண்டிய பெரிய கண்டம். எங்கியோ ரோட்ல ஆவ வேண்டியது. காயி தாங்கிகிச்சு."

அண்ணன் குழியைப் பார்த்தார். "தாங்கினது காயி இல்ல" என்றார். "வண்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. என் வீட்டுக்காரர் என்னைக் கிள்ளினார். கிள்ளியவரும் சிரித்துவிட்டார். அண்ணனின் முகம் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்தது. பிறகு அவரும் குழியில் கிடந்த மீசையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். மழை கொட்டத் தொடங்கியது. நாலு பேரும் சேர்ந்து அந்தக் காயைத் தூக்கி வாசலுக்குள் கொண்டுபோனோம்.

இப்போது கேள்வி, விழுந்ததை உடைந்ததாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது. கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போடவில்லை, ஆகவே கணக்கில் வராது என்றார் அக்கா. இவ்வளவு சத்தத்தோடு விழுந்தது எப்படிக் கணக்கில் வராமல் போகும் என்றேன் நான். அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"புரட்டாசி பொறந்ததுலர்ந்து சாம்பாரு, வத்தக்கொழம்பு, சாம்பாரு" என்றார் கடைசியில். "கறி மீனு வாசனையே மறந்து போச்சு. திருஷ்டி போவலாம், போவாம இருக்கலாம். எனக்கு மோர்க்கொழம்பு வைங்க. நாளைக்கு உடைக்க வேற காயி வாங்கியாரேன்."

அக்காவால் உடனே ஒப்புக்கொள்ள முடியவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். முகம் வரைந்த பக்கத்தைத் தடிமனாகச் சீவி எடுத்து, கற்பூரம் காட்டி, மழையிலேயே தெருமுனையில் போட்டுவிட்டு வந்தார். வந்ததும் என்னிடம், "நீயும் உங்க சாமிகிட்ட ஒரு ஜெபம் பண்ணிடு. ரெண்டு பக்கமும் சரி பண்ணிக்குவோம்" என்றார். நான் அரிவாள்மணைக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். என் வாழ்க்கையில் ஒரு காய்க்காகத் தனியாக ஜெபித்தது அதுதான் முதல்முறை.

அறுத்தால், பளிங்கு மாதிரி வெள்ளை. தண்ணீர் சொட்டியது. சமையல் அக்கா வீட்டு அடுப்பில்தான். காயை மஞ்சள் போட்டு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் ஊறவைத்த அரிசியும் அரைத்துக் கலந்தேன். புளித்த மோரை ஊற்றி, நுரை கட்டும் நேரத்தில் இறக்கினேன். தேங்காய் எண்ணெயில் தாளிக்கப் போனபோது அக்கா கையைப் பிடித்துவிட்டார்.

"தலைக்குத் தேய்க்கிறத்த ஊத்தறியே!"

"எங்க ஊருல இப்படித்தான்க்கா."

"வூட்டுக்குள்ள எண்ண தேச்சுக் குளிச்ச வாசன வரும்."

அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். அதற்குப் பதிலாக அக்கா மீதிக் காயில் கடலைப்பருப்புப் போட்டுக் கூட்டு செய்து, கடலை எண்ணெயில் தாளித்து, "இத்த மோந்து பாரு" என்று என் மூக்குக்கு நேராக நீட்டினார். நல்ல வாசனைதான். சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் ஆண்கள் இருவரையும் முதலில் உட்காரவைத்தோம். அண்ணன் சோற்றில் குழி பறித்து மோர்க்குழம்பை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி குழி பறித்தார். என் வீட்டுக்காரர், "புளிக்கொழம்பு அளவுக்கு இல்ல" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை தட்டை நீட்டினார். நானும் பிறகு உட்கார்ந்தேன். மோர்க்குழம்புக் காயும் கூட்டுக் காயும் வாயில் ஒன்றுபோலவே கரைந்தன. அக்கா பரிமாறுவதும், கரண்டியை ஓரமாய் வைப்பதும், எங்கள் முகங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். "நீங்களும் உக்காருங்கக்கா" என்றால், "நீ சாப்புடு, நீ சாப்புடு" என்றார்.

ராத்திரி மழை நின்றது. காலையில் நான் பால்கனியில் கொடியை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தார். குளித்து, தலையில் துண்டு சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம்.

"வயிறு எப்டி கீது?"

"நல்லா இருக்குக்கா."

"அவருக்கு?"

"இப்பதான் ஷிஃப்ட் முடிச்சு வந்தாரு. நல்லாத்தான் இருக்காரு. தூங்குதாரு."

"எங்க வூட்டுக்காரரும் நல்லாதான் கீறாரு. காலைலயே எழுந்து வண்டியாண்ட நின்னுகினு கீறாரு." அக்கா பால்கனிக் கம்பியைத் தடவினார். "மோர்க்கொழம்பு... நீ மேல எடுத்தாந்தியே, மிச்சம் கீதா?"

"இருக்கு. ஏங்க்கா, நேத்து நீங்க சாப்பிடலையா?"

"யாரு சாப்ட்டா? உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் ஆவலன்னு தெரியட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

உள்ளே போய், கிண்ணம் நிறைய ஊற்றி, இரண்டு இட்லி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அங்கேயே, மாடிப்படியில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு முக்கிச் சாப்பிட்டார்.

"தேங்கா ஜாஸ்தி" என்றார். கிண்ணத்தைச் சாய்த்து விரலால் வழித்து நக்கினார். "இன்னும் ரெண்டு இட்லி கீதா?"